சின்ஸ், ஃபார்: பிழை எந்தச் சொல்லில் இருக்கிறது?

கேள்வி இதுதான்: ‘அஞ்சு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘சின்ஸ்’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா? ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றுதானே அலுவலகத்தில் பலரும் சொல்கிறார்கள், அதில் என்ன தவறு?

அந்த வாக்கியத்தில் தவறு இரண்டு. ‘சின்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘ஃபார்’ வரவேண்டும் என்பது ஒன்று. ‘ஆம் வொர்க்கிங்’ இருக்கும் இடத்தில் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ வரவேண்டும் என்பது மற்றொன்று. முதல் தவறைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள்; வகுப்பிலும் அதற்குத்தான் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்வார்கள். இரண்டாவது தவறுதான் பெரியது. ‘சின்ஸ்’ஸை மட்டும் ‘ஃபார்’ ஆக்கிவிட்டு வினையை அப்படியே விட்டால் வாக்கியம் திருந்தாது. சில வாக்கியங்களில் கேட்பவர் வேறு பொருளையே எடுத்துக்கொள்வார். அதனால் சொல் தேர்வைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, வினைக்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

எவ்வளவு காலம் என்று அளவு சொன்னால் ‘ஃபார்’. எப்போது தொடங்கியது என்று புள்ளி சொன்னால் ‘சின்ஸ்’. ‘ஃபார் த்ரீ டேஸ்’, ‘ஃபார் டென் மினிட்ஸ்’, ‘ஃபார் எ லாங் டைம்’ எல்லாம் அளவு. ‘சின்ஸ் மன்டே’, ‘சின்ஸ் 2019’, ‘சின்ஸ் சைல்ட்ஹுட்’ எல்லாம் புள்ளி.

இதைத் தமிழர்கள் மனப்பாடம் செய்யவே வேண்டாம், ஏனென்றால் தமிழ் ஏற்கெனவே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. மூணு நாளா, அஞ்சு வருஷமா, ரொம்ப நேரமா என்று ‘-ஆக’ வந்தால் அது ‘ஃபார்’. திங்கட்கிழமையிலிருந்து, காலையிலேருந்து, 2019 முதல் என்று ‘-இலிருந்து’ அல்லது ‘முதல்’ வந்தால் அது ‘சின்ஸ்’. ‘திங்கட்கிழமையாகக் காய்ச்சல்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஐந்து வருடத்திலிருந்து வேலை பார்க்கிறேன்’ என்பதும் நம் வாயில் இயல்பாக வராது. இந்தியில் இரண்டுக்கும் ‘ஸே’ ஒன்றுதான்: ‘பாஞ்ச் சால் ஸே’, ‘ஸோம்வார் ஸே’. ஜெர்மன் மொழியிலும் ‘ஸைட்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. அவர்கள் இந்த வேறுபாட்டைப் புதிதாகக் கற்க வேண்டும். நமக்கு அது கையிலேயே இருக்கிறது. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ நம்மிடம் ஒட்டிக்கொண்டதற்கு நம் தாய்மொழியைக் குறை சொல்ல முடியாது. அலுவலக மின்னஞ்சலிலும் பேச்சிலும் தினமும் காதில் விழுந்து பழகிவிட்டதுதான் காரணம்.

இந்தச் சோதனையும் தடுமாறும் இடங்கள் சில உண்டு. முதலாவது ‘லாஸ்ட்’ என்ற சொல். அதைப் பார்த்ததும் கை தானாக ‘சின்ஸ்’ எழுதிவிடும்: ‘சின்ஸ் லாஸ்ட் த்ரீ டேஸ்’. தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘கடந்த மூன்று நாட்களாக’ என்பது அளவு, எனவே ‘ஃபார் த லாஸ்ட் த்ரீ டேஸ்’. ‘போன திங்கட்கிழமையிலிருந்து’ என்பது புள்ளி, எனவே ‘சின்ஸ் லாஸ்ட் மன்டே’. ‘த’ வருகிறதா என்பதையும் கவனியுங்கள். ‘சின்ஸ் லாஸ்ட் வீக்’ என்றால் போன வாரத்தில் ஏதோ ஒரு நாளிலிருந்து. ‘ஃபார் த லாஸ்ட் வீக்’ என்றால் இன்றோடு முடியும் ஏழு நாட்கள்.

இரண்டாவது ‘சின்ஸ் லாங்’. ‘த ஃபைல் இஸ் பென்டிங் சின்ஸ் லாங்’ என்பது நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வாக்கியம். ‘லாங்’ ஒரு புள்ளி அல்ல. ‘த ஃபைல் ஹேஸ் பீன் பென்டிங் ஃபார் எ லாங் டைம்’ என்பதே சரி. ‘ரொம்ப நாளா’ என்பதற்கு ‘சின்ஸ் ஏஜஸ்’ என்று எழுதுவதும் இதே வகைதான். அது ‘ஃபார் ஏஜஸ்’. ‘ஃபார் லாங்’ என்ற சுருக்கம் பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும் வரும்: ‘ஹேவ் யூ பீன் வெயிட்டிங் ஃபார் லாங்?’

மூன்றாவது, நீண்ட நாள் நடந்த ஒன்றின் பெயர். பொங்கல் நான்கு நாள் நடக்கிறது, ஊரடங்கு மாதக்கணக்கில் இருந்தது, பள்ளிப் பருவம் பல வருடம். ஆனாலும் ‘பொங்கலிலிருந்து’ என்று நாம் சொல்லும்போது அதை ஒரு அடையாளக் கல்லாகத்தான் நினைக்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே: ‘சின்ஸ் பொங்கல்’, ‘சின்ஸ் த லாக்டவுன்’, ‘சின்ஸ் மை ஸ்கூல் டேஸ்’. ‘ஐ ஆம் கோயிங் ஹோம் ஃபார் பொங்கல்’ என்றால் பொருளே வேறு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன் என்று அர்த்தம்.

நான்காவது இடத்தில்தான் தமிழே நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. ‘-இலிருந்து’ என்பதை நாம் பழக்கத்தில் ‘ஃப்ரம்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃப்ரம் மார்னிங்’ இப்படிப் பிறந்ததுதான். தமிழில் ‘-இலிருந்து’ எந்தக் காலத்துக்கும் பொருந்தும். ‘சின்ஸ்’ அப்படி அல்ல. முன்பே தொடங்கி, பேசும் நேரம் வரைக்கும் வந்து சேர்வதற்கு மட்டுமே அது உரியது. ‘நாளையிலிருந்து வருகிறேன்’ என்பதில் தொடக்கமே இன்னும் வரவில்லை, எனவே ‘ஃப்ரம் டுமாரோ’. ‘2015லிருந்து 2020 வரை அங்கே இருந்தேன்’ என்பதில் முடிவு தனியாகச் சொல்லப்பட்டுவிட்டது, எனவே ‘ஃப்ரம் 2015 டு 2020’. ‘கடை ஒன்பது மணியிலிருந்து திறந்திருக்கும்’ என்பது வழக்கம், எனவே ‘ஃப்ரம் நைன்’. ‘காலையிலிருந்து காத்திருக்கிறேன்’ என்பது காலையில் தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்கிறது. இதற்குத்தான் ‘சின்ஸ் மார்னிங்’. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்பார்கள். தேர்வில் அப்படி எழுதுவது பாதுகாப்பு.

சொல் தேர்வு இவ்வளவுதான். இனி வினை.

‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதில் வினை வெறும் நிகழ்காலம். போன ஐந்து வருடத்தையும் இன்றைய நாளையும் சேர்த்துக் கட்டும் வேலையை ‘-ஆக’ என்ற ஒட்டே செய்துவிடுகிறது. வினை நிகழ்காலத்தில் நின்றால் போதும். ஆங்கிலத்தில் ‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டுக்கும் அந்த வலு இல்லை. அந்தக் கட்டை வினைதான் போட வேண்டும். ‘ஆம் வொர்க்கிங்’ என்பது இப்போதை மட்டும் காட்டுகிறது, ‘வொர்க்ட்’ என்பது முடிந்துபோனதை மட்டும் காட்டுகிறது. முன்பு தொடங்கி இன்றும் நடப்பதற்கு ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ சேர்ந்த வடிவம் தேவை. பள்ளியில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்று படித்தது இதுதான். பலர் அதை ‘இப்போதுதான் முடிந்தது’ என்ற ஒரே பொருளோடு நினைவில் வைத்திருப்பதால், இந்த இடத்தில் அது தேவை என்பதே தோன்றுவதில்லை.

‘கொண்டிருக்கிறேன்’ என்றால் ‘ஆம்’ போட்டு ‘இங்’ சேர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். ‘காத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் வெயிட்டிங்’ சரிதான். ஆனால் அதே வாக்கியத்தில் ‘ஒரு மணி நேரமாக’ என்று சேர்ந்த உடனே அந்தச் சமன்பாடு உடைந்துவிடுகிறது: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் ஆன் அவர்’. எழுத்துத் தமிழில் இதற்கு நல்ல கைகாட்டி ஒன்று இருக்கிறது. ‘கடந்த 5 ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்’ என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அந்த ‘வருகிறார்’தான் ஆங்கிலத்தின் ‘ஹேஸ் பீன்’: ‘ஹீ ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’. தமிழ் வாக்கியத்தில் ‘செய்து வருகிறேன்’ என்று மாற்றிப் பார்த்துப் பொருந்தினால், ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன்’ போட்டு ‘இங்’ சேருங்கள்.

எல்லா வினைக்கும் ‘இங்’ ஒத்துவராது. தெரிந்திருத்தல், வைத்திருத்தல், இருத்தல், பிடித்திருத்தல், நம்புதல் போன்ற நிலையைச் சொல்லும் வினைகள் ‘ஹேவ்’ கூட மூன்றாம் வடிவத்தை மட்டுமே எடுக்கும். ‘பத்து வருஷமா அவரைத் தெரியும்’ என்றால் ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘ஆம் நோயிங்’ என்பதும் ‘ஹேவ் பீன் நோயிங்’ என்பதும் கிடையாது. ‘திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்’ என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறவர் ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் மன்டே’ என்று எழுதுவார். சரியானது ‘ஐ ஹேவ் ஹாட் எ ஃபீவர் சின்ஸ் மன்டே’. ‘ஹேவ் ஹாட்’ என்று இரண்டு தரம் வருவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதலாவது துணைவினை, இரண்டாவது ‘எனக்கு இருக்கிறது’ என்ற பொருளுடைய முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். ‘லிவ்’, ‘வொர்க்’ இரண்டும் எந்த வடிவத்தையும் ஏற்கும். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்’ என்றாலும் ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்’ என்றாலும் சரி. பின்னதில் தற்காலிகம் என்ற சாயல் கொஞ்சம் இருக்கும்.

எத்தனை முடிந்தது என்று எண்ணிக்கை சொன்னாலும் ‘இங்’ போய்விடும். ‘காலையிலிருந்து படிக்கிறேன்’ என்றால் ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் சின்ஸ் திஸ் மார்னிங்’. ‘காலையிலிருந்து மூணு பாடம் முடிச்சேன்’ என்றால் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் த்ரீ லெசன்ஸ் சின்ஸ் திஸ் மார்னிங்’. இரண்டாவது வாக்கியத்தில் தமிழ் இறந்தகாலம் வருவதால் ‘ஐ ஃபினிஷ்ட்’ என்று எழுதத் தோன்றும். ‘சின்ஸ்’ இருக்கிறது என்பதை நினைத்து ‘ஹேவ்’ சேர்க்க வேண்டும்.

எதிர்மறை வாக்கியம் இன்னும் வழுக்கும். காரணம் நம் ‘-வில்லை’. ‘சம்பளம் வரவில்லை’ என்பதில் காலமே இல்லை. நேற்று வரவில்லை என்பதற்கும் அதுதான், இன்னும் வரவில்லை என்பதற்கும் அதுதான். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரிக்கிறது: ‘டிட் நாட்’ என்பது முடிந்த காலம், ‘ஹேவ் நாட்’ என்பது இன்று வரை. ‘மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை’ என்பதை ‘வீ டிட் நாட் கெட் சாலரி சின்ஸ் த்ரீ மன்த்ஸ்’ என்று எழுதினால் இரண்டு தவறு. ‘வீ ஹேவ் நாட் பீன் பெய்ட் ஃபார் த்ரீ மன்த்ஸ்’ என்பது சரி. தெருவிளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை என்று புகார் எழுதும்போது ‘த ஸ்ட்ரீட் லைட் ஹேஸ் நாட் பீன் வொர்க்கிங் ஃபார் டூ வீக்ஸ்’. ‘இஸ் நாட் வொர்க்கிங் சின்ஸ் டூ வீக்ஸ்’ என்று எழுதினாலும் நம் ஊரில் விளங்கும். தேர்விலோ வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் கடிதத்திலோ அது பிழை.

இப்போது ‘ஃபார்’ எந்தெந்தக் காலத்தோடு வரும் என்று பார்க்க வேண்டும். ‘சின்ஸ்’ பெரும்பாலும் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹாட்’ மூன்றோடுதான் நிற்கும். ‘ஃபார்’ எல்லாக் காலத்தோடும் வரும், காலத்துக்குக் காலம் பொருளும் மாறும். நேர்காணலில் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள். ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள். தமிழிலும் இந்த வேறுபாடு தெளிவாக உண்டு: ‘அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்’, ‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’. முதலாவதில் ‘-ஆ’ இல்லை. வாக்கியத்தில் கால அளவு இருந்து, ‘-ஆ’ இல்லாமல் வினை இறந்தகாலத்தில் இருந்தால் சிம்பிள் பாஸ்ட். வேலை தேடுகிறவர்கள் சுயவிவரக் குறிப்பில் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். இப்போதைய வேலைக்கு ‘சின்ஸ் ஜூன் 2019’, விட்ட வேலைக்கு ‘ஃப்ரம் 2016 டு 2019’.

அடுத்தது எதிர்காலம். ‘ஒரு வாரம் இருப்பேன்’ என்பதற்கு ‘ஐ வில் ஸ்டே ஃபார் எ வீக்’. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் நிகழ்காலத்தில்தான், அதுவும் நான் மேலே சொன்ன பொருள் மாற்றம் நடக்கும் இடத்தில். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகிவிட்ட ஒரு தாய், பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘ரெண்டு வாரமா இங்க இருக்கேன்’ என்று சொல்ல நினைத்து ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு விளங்குவது ‘இரண்டு வாரத்துக்கு வந்திருக்கிறேன்’ என்பது, அதாவது மொத்தத் தங்கலே இரண்டு வாரம். அவர் சொல்ல நினைத்தது ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’. இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி சரி என்பதால் யாரும் திருத்தமாட்டார்கள். தவறான செய்தி அப்படியே போய்ச் சேரும். ‘சின்ஸ் டூ வீக்ஸ்’ என்று சொல்லியிருந்தால்கூடப் பிழையோடு பொருள் விளங்கியிருக்கும். ‘சின்ஸ்’ஸை மட்டும் திருத்தினால் போதாது என்று சொல்வது இதனால்தான். விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி முன்னால் நிற்கும்போது இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் தேவையில்லாத கேள்விகள் வரலாம்.

கேள்வி வாக்கியத்திலும் இதே பொறி. ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்பது வந்து எத்தனை நாளாச்சு என்ற கேள்வி. ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்பது எத்தனை நாள் இருப்பீர்கள் என்ற கேள்வி. பதில் சொல்லும் முன் ‘ஆர்’ வந்ததா ‘ஹேவ்’ வந்ததா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ‘எப்ப இருந்து?’ என்பதை நேராக ‘சின்ஸ் வென்?’ என்று மாற்றுவதிலும் கவனம் வேண்டும். தமிழில் அது சாதாரணக் கேள்வி. ஆங்கிலத்தில் ‘சின்ஸ் வென்?’ என்று தனியாகக் கேட்டால், ‘இது எப்போதிலிருந்து இப்படி ஆனது?’ என்று எதிராளியை மடக்கும் தொனி வந்துவிடுகிறது. மேலதிகாரியிடமோ நோயாளியிடமோ பேசும்போது ‘ஹவ் லாங்’ என்று கேட்பதே மரியாதை.

‘ஃபார்’ எந்த வினையோடு சேராது என்பதும் தெரிய வேண்டும். ஒரு நொடியில் நடந்து முடியும் செயலை ‘ஃபார்’ போட்டு இன்று வரை நீட்ட முடியாது. இறத்தல், வாங்குதல், சேருதல், முடித்தல், கல்யாணம் செய்தல் எல்லாம் அப்படிப்பட்டவை. ‘ஐ ஹேவ் பாட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்’ என்றால் இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டே இருப்பதுபோல ஆகிவிடும். வாங்கியதன் விளைவாக வந்த நிலையைச் சொல்ல வேண்டும்: ‘ஐ ஹேவ் ஹாட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்’. கல்யாணமாகிப் பத்து வருடம் என்றால் ‘வீ ஹேவ் பீன் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்’. நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து வருடம் என்றால் ‘ஐ ஹேவ் பீன் வித் த கம்பெனி ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ‘ஹீ ஹேஸ் கான் டு துபாய் ஃபார் டூ இயர்ஸ்’ என்பது மட்டும் சரியான வாக்கியம். ஆனால் அதன் பொருள் இரண்டு வருடத்துக்கென்று போயிருக்கிறார் என்பது. போய் இரண்டு வருடம் ஆச்சு என்று சொல்ல ‘ஹீ ஹேஸ் பீன் இன் துபாய் ஃபார் டூ இயர்ஸ்’.

‘ஆச்சு’ என்று முடியும் தமிழ் வாக்கியங்களுக்கு ஆங்கிலத்தில் அழகான நேர்வடிவம் ஒன்று உண்டு. ‘அவரைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு’ என்பது ‘இட் ஹேஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ சா ஹிம்’. இங்கே ‘சின்ஸ்’ஸுக்குப் பின்னால் முழு வாக்கியம் வருகிறது, அதன் வினை சிம்பிள் பாஸ்ட்: ‘ஐ சா’. பிரிட்டனில் ‘இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ்’ என்றும் சொல்வார்கள். தமிழைப் போலவே இதிலும் எதிர்மறை வராது. ‘சின்ஸ் ஐ டிட் நாட் சீ ஹிம்’ என்று எழுதினால் பொருள் கெடும். எதிர்மறை வேண்டுமென்றால் மற்ற வழி: ‘ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் த்ரீ இயர்ஸ்’. அமெரிக்காவில் இதே இடத்தில் ‘இன் த்ரீ இயர்ஸ்’ என்பது அதிகம். ‘மூணு வருஷத்துக்கு முன்னாடி பார்த்தேன்’ என்றால் ‘ஐ சா ஹிம் த்ரீ இயர்ஸ் அகோ’. ‘பிஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்பது நம் ‘முன்னாடி’யின் நேர் மொழிபெயர்ப்பு, ஆங்கிலத்தில் இல்லை.

‘சின்ஸ்’ஸுக்குப் பின்னால் முழு வாக்கியம் வரும்போது இரண்டு வினைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ‘சென்னைக்கு வந்ததிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறேன்’: ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் திஸ் ஹவுஸ் சின்ஸ் ஐ கேம் டு சென்னை’. தொடக்கப் புள்ளிக்கு சிம்பிள் பாஸ்ட், அதிலிருந்து நீள்வதற்கு ‘ஹேவ்’. தொடக்கமே இன்னும் நீடிக்கும் நிலையாக இருந்தால் இரண்டு பக்கமும் ‘ஹேவ்’ வரலாம்: ‘ஐ ஹேவ் நாட் பீன் இல் சின்ஸ் ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்’. கதை முழுவதும் இறந்தகாலத்தில் போகிறதென்றால் ‘ஹேவ்’ எல்லாம் ‘ஹாட்’ ஆகும்: ‘வென் த பஸ் கேம், வீ ஹாட் பீன் வெயிட்டிங் சின்ஸ் சிக்ஸ்’. மாற்றத்தைச் சொல்லும் வாக்கியங்களில் மட்டும் நிகழ்காலத்தோடும் ‘சின்ஸ்’ வருவதுண்டு: ‘யூ ஆர் லுக்கிங் பெட்டர் சின்ஸ் யுவர் ஆபரேஷன்’. பேச்சில் இது இயல்பு. ஆனால் ‘எவ்வளவு நாளாக’ என்ற கேள்விக்குப் பதிலாக வரும் வாக்கியங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

‘சின்ஸ்’ தனியாகவும் நிற்கும். ‘2015இல் ஊரை விட்டுப் போனார், அதன்பிறகு நான் பார்க்கவில்லை’ என்பதில் ‘அதன்பிறகு’ முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்: ‘ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் சின்ஸ்’. அழுத்தம் வேண்டுமானால் ‘சின்ஸ் தென்’, ‘எவர் சின்ஸ்’. இந்தச் சொல்லின் வரலாறும் இதையே காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘அதற்குப் பிறகு’ என்ற பொருளில் இருந்த ‘சித்தன்’ என்ற சொல் இடைக்காலத்தில் ‘சிதென்ஸ்’ ஆகி, பிறகு ‘சின்ஸ்’ என்று சுருங்கியது. ‘பிறகு’ என்றால் எதற்குப் பிறகு என்று ஒரு புள்ளி வேண்டும். ‘சின்ஸ்’ அளவை ஏற்காமல் புள்ளியையே கேட்பது அந்தப் பழைய பொருளோடு ஒத்துப்போகிறது.

பிறகு நடந்ததை அதனால் நடந்ததாகப் பார்ப்பது மனித இயல்பு. ‘சின்ஸ்’ஸுக்கு ‘ஏனென்றால்’ என்ற பொருள் வந்த வழியும் அதுவே. ‘சின்ஸ் யூ ஆர் ஹியர், லெட் அஸ் ஸ்டார்ட்’: நீங்கள் வந்துவிட்டதால் தொடங்கலாம். இதற்கும் ‘பிகாஸ்’ஸுக்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்கு ‘சின்ஸ்’, புதிதாகச் சொல்லும் காரணத்துக்கு ‘பிகாஸ்’. ‘வை?’ என்று கேட்டால் ‘பிகாஸ் ஐ வாஸ் இல்’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அங்கே ‘சின்ஸ்’ போட்டால் வாக்கியம் பாதியில் நின்றதுபோல இருக்கும். ‘சின்ஸ்’ போட்டுத் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் ‘சோ’ வரக்கூடாது. காரணத்தை ஒரு தரம் காட்டினால் போதும். ‘சின்ஸ் ஹீ லெஃப்ட், வீ ஹேவ் ஹாட் நோ ட்ரபிள்’ போன்ற வாக்கியத்தில் அவர் போனதிலிருந்தா, போனதாலா என்பது தெரியாது. ஒப்பந்தம், அறிக்கை போன்றவற்றில் இந்தக் குழப்பம் வராமலிருக்க ‘பிகாஸ்’ அல்லது ‘எவர் சின்ஸ்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். ‘ஃபார்’ என்பதற்கும் ‘ஏனெனில்’ என்ற பொருள் உண்டு. அது பழைய எழுத்து நடை, இரண்டாவது வாக்கியத்தின் தலையில்தான் வரும். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம்.

‘ஃபார்’ செய்யும் மற்ற வேலைகளில் நமக்கு இடறுவது ‘-க்காக’ என்ற பொருள். பெயர்ச்சொல்லோடு சிக்கலில்லை: ‘ஐ கேம் ஃபார் த கீ’. வினையோடு வரும்போது ‘உங்களைப் பார்ப்பதற்காக வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் ஃபார் சீயிங் யூ’ என்றோ ‘ஃபார் டு சீ’ என்றோ எழுதக்கூடாது. ஒருவர் எதற்காக ஒன்றைச் செய்தார் என்பதற்கு ‘டு’ மட்டும்: ‘ஐ கேம் டு சீ யூ’. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்று சொல்ல மட்டுமே ‘ஃபார்’ போட்டு ‘இங்’ சேரும்: ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் வெஜிடபிள்ஸ்’.

பேச்சில் ‘ஃபார்’ பல நேரம் காணாமலே போகும். ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபைவ் இயர்ஸ்’ என்பது முழுச் சரி. இருத்தல், தங்குதல், காத்திருத்தல் போன்ற வினைகளோடு இப்படி விட்டுவிடலாம். எதிர்மறை வாக்கியத்திலும் வாக்கியத்தின் தலையிலும் விடக்கூடாது. ‘ஆல் டே’, ‘ஆல் நைட்’ என்று ‘ஆல்’ வந்தால் ‘ஃபார்’ போடவே கூடாது. ‘சின்ஸ்’ஸை எங்கேயும் விட முடியாது. ஃபார் சொல்லப்படும்போதும் அழுத்தம் இல்லாமல் ‘ஃப’ என்ற அளவுக்குத் தேய்ந்துதான் ஒலிக்கும். கேட்கும்போது அது காதில் விழாது என்று வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் வினையைப் பிடியுங்கள்: ‘ஹேவ் பீன்’ என்று கேட்டால் வந்து இத்தனை நாளாச்சு, ‘ஆம்’ என்று கேட்டால் இத்தனை நாள் இருப்பதாக வந்திருக்கிறார்.